அண்ணாவுக்குக் கொடுக்கும் வாடகை கணக்கில் வராது

லண்டனுக்கு வந்து, அகதிக் கேஸ் சரிவந்து, விசா கையில் கிடைத்ததும் நம்மவர்கள் போய் நிற்பது அண்ணா வீட்டில், இல்லாவிட்டால் அக்கா வீட்டில். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் உடல் ஏலாத ஒருவர் அப்படிச் சேர்ந்திருந்துகொண்டு வாடகைக்கு அரச உதவி கேட்கப்போகிறார் என்றால், டெனன்சி அக்ரிமென்டில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், யார் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைக் குடிபோகும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் வயதில் உள்ளவருக்கு வாடகை உதவி, வருமானம் குறைந்தவர்களுக்கான மாதாந்த அரச உதவியான யூனிவர்சல் கிரெடிட்டுக்குள்ளேயே வரும். அகதி அந்தஸ்து உள்ளவர்கள் கேட்கலாம். வேலை விசா, துணைவர் விசாவில் வந்தவர்களுக்குப் பொதுவாக ‘அரச நிதி பெற முடியாது’ என்ற நிபந்தனை இருக்கும். அவர்கள் கேட்கவே கூடாது, விசாவுக்கே ஆபத்து. விண்ணப்பம் இணையத்தில்தான். முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். வேலை செய்ய முடியாத நிலை என்றால் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வாங்கிக் கொடுங்கள். உடல் ஏலாதவர்களுக்கான பிப் (PIP) கொடுப்பனவுக்குத் தனி விண்ணப்பம். அதற்குச் சாதாரணமாகக் கடந்த மூன்று வருடத்தில் இரண்டு வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து உள்ளவர்களுக்கு அந்த நிபந்தனை இல்லை. பலருக்கு இது தெரியாமல், இரண்டு வருடம் போகட்டும் என்று சும்மா இருக்கிறார்கள். இருக்காதீர்கள்.

இனி, குடிபோகும் முன்பே பார்க்கச் சொன்னேனே, அந்தப் பொறி. நெருங்கிய உறவினர் ஒருவருக்கு நீங்கள் வாடகை கொடுத்து, அவரும் அதே வீட்டில் வசித்தால், அந்த வாடகைக்கு ஒரு பவுண் உதவியும் கிடையாது. காசு உண்மையாகவே கைமாறினாலும் கிடையாது. தாய் தகப்பன், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், மாமனார் மாமியார், மருமக்கள் (பிள்ளைகளைக் கட்டியவர்கள்), இவர்களுடைய கணவன் மனைவி எல்லாரும் இந்தக் கணக்கில் வருவார்கள். சித்தப்பா, தாய்மாமன் வரமாட்டார்கள். ஆனால் அங்கேயும் அது உண்மையான வாடகைதானா என்று துருவிப் பார்ப்பார்கள்.

என் சித்தப்பாவின் மகனுக்கு இதுதான் நடந்தது. முள்ளிவாய்க்காலில் ஷெல் பட்டு, வலது காலில் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஹரோவில் சொந்த அண்ணனின் வாடகை வீட்டில் ஓர் அறையில் இருந்தான். அண்ணனுக்கும் மூன்று பிள்ளைகள், தனிச் சம்பளம். சும்மா இருக்க அவனுக்கு மனம் வரவில்லை. மாதம் 550 பவுண் தருகிறேன் என்று சொன்னான். ஃபோம் நிரப்பித் தரும் ஒருவரிடம் போனார்கள். அவர் காசையும் வாங்கிக்கொண்டு, “அண்ணாவிடம் ஒரு வாடகைக் கடிதம் வாங்கி வாரும், சரிவரும்” என்று அனுப்பிவிட்டார். அண்ணன் கோடு போட்ட தாளில் நீல மையால், ஊரில் காணி உறுதி எழுதுகிற மாதிரிக் கவனமாக எழுதிக் கொடுத்தார். கீழே இரண்டு பேரின் கையெழுத்து, திகதி, பாஸ்போர்ட் இலக்கம் எல்லாம். அந்தக் கடிதமே அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. வாடகை வாங்குகிறவர் கூடப்பிறந்தவர், ஒரே முகவரி. வீட்டுச் செலவுக்கான தொகை பூச்சியம் என்று முடிவு வந்தது. காசு வாங்கிக்கொண்டு இந்த அடிப்படை விதி தெரியாமல் ஆலோசனை சொல்கிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் என்ற தொண்டு நிறுவனங்களில் இதை இலவசமாகச் சொல்வார்கள்.

ஊரில் அண்ணன் வீடு என்றால் அது தம்பிக்கும் வீடுதான். வேலிக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று யாரும் தாளில் எழுதி வைப்பதில்லை. இங்கே தாளில் இருப்பதுதான் வீடு.

சரியான வழி என்னவென்றால், வெளியாள் ஒருவரிடம் வாடகைக்கு எடுக்கும்போதே அண்ணனும் தம்பியும் இருவரும் டெனன்டாக, அதாவது வாடகைக்காரராக, கையெழுத்து வைப்பது. அப்போது தம்பி வாடகை கொடுப்பது வீட்டுக்காரருக்கு, அண்ணனுக்கு அல்ல. அவனுடைய பங்குக்கு உதவி கேட்கலாம். பங்கைப் பொதுவாக ஆட்களின் எண்ணிக்கையால் பிரிப்பார்கள். வாடகை 1,800 பவுண் என்றால், இரண்டு பெயர் இருந்தால் 900. அண்ணியையும் சேர்த்து மூன்று பெயர் என்றால் 600. சமமாகப் பிரிப்பது நியாயமில்லை என்றால், ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து வேறு மாதிரியும் பிரிக்கலாம். அதற்கு வங்கிக் கணக்கில் ஆதாரம் வேண்டும். அந்தப் பங்குக்கும் உள்ளூர் உச்சவரம்பு ஒன்று உண்டு. 35 வயதுக்குக் குறைந்த தனியாளுக்குப் பகிர்ந்த அறைக்கான குறைந்த தொகைதான். ஆனால் பிப்பில் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைக்கிறவருக்கு ஓரறை வீட்டுக்கான உச்சவரம்பு பொருந்தும். பிப்பைத் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்கெனவே அண்ணன் பெயரில் மட்டும் இருந்தால், வீட்டுக்காரரிடம் கேட்டுப் புது ஒப்பந்தம் போடலாம். இங்கிலாந்தில் ஏஜென்ட் அதற்குச் சாதாரணமாக 50 பவுணுக்கு மேல் கேட்கக்கூடாது. அதற்கு மேல் கேட்டால் செலவுக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். உதவித்தொகைக்காகவே உருவாக்கிய வாடகை என்று சந்தேகப்பட்டு மறுக்கவும் உதவி கொடுக்கும் அரச அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் தம்பியின் பங்கு அவனுடைய கணக்கிலிருந்து நேரே வீட்டுக்காரருக்குப் போகட்டும். அண்ணன் கணக்கு வழியாகச் சுற்ற வேண்டாம்.

ஒன்றை அண்ணன் தம்பி இருவரும் இருந்து பேசிக்கொள்ளுங்கள். கூட்டாகக் கையெழுத்து வைத்தால் முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. அண்ணன் கட்டாமல் விட்டால் வீட்டுக்காரர் தம்பியிடம் முழுவதையும் கேட்கலாம்.

அண்ணன் அந்த வீட்டைச் சொந்தமாக வாங்கி அதிலேயே குடியிருந்தால் இந்த வழி இல்லை. அங்கே கொடுக்கிற காசு குடும்பத்துக்கு உதவி, அவ்வளவுதான்.

தலைகீழாகவும் நடக்கும். ஒப்பந்தம் உடல் ஏலாதவரின் பெயரில் மட்டும் இருந்து, 21 வயது கடந்த மகனோ தங்கையோ கூட இருந்தால், அவர்கள் பங்கு என்று வாடகை உதவியில் ஒரு தொகையைக் கழிப்பார்கள். 2025-26 கணக்கில் அது மாதம் 93.02 பவுண். டெனன்டுக்குப் பிப்பின் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்தால் அந்தக் கழிவு இல்லை. கிடைத்தும் கழித்திருந்தால் யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கிலுள்ள ஜேர்னலில் உடனே எழுதிக் கேளுங்கள்.

அம்மா தனியாக இருந்து, வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டும், பராமரிப்புத் தேவைப்படும் முதியவர்களுக்கான அட்டென்டன்ஸ் அலவன்சும் எடுக்கிறார் என்றால், நீங்கள் பாசத்தில் அவருடன் குடிபோகும் முன் விசாரியுங்கள். தனியே இருப்பவர் என்பதற்காகக் கிடைக்கும் கூடுதல் தொகை, 2025-26 இல் வாரம் 82.90 பவுண், நின்றுபோகலாம். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் காசு குறைந்தால் எப்படிச் சமாளிப்பது என்று முதலே பேசிவிட்டுப் போங்கள்.

மறுத்துக் கடிதம் வந்துவிட்டால், அதிலுள்ள திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போக இன்னொரு மாதம். கட்டணம் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். என் தம்பி இப்போது அண்ணனோடு சேர்ந்து புது ஒப்பந்தத்தில் இருக்கிறான், அவனுடைய பங்குக்கு உதவி வருகிறது. இடையில் போன மாதங்களின் காசு திரும்பி வரவில்லை.