அமெரிக்கப் பெரிய சென்ட்: முதல் செப்புக் காசை வாங்குவது எப்படி?

பிலடெல்பியா நாணயச் சாலை 1793 முதல் 1857 வரை அடித்த கனமான செப்புக் காசுகளுக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் 'பெரிய சென்ட்'.

1. முதலில் ஆண்டு. பின்பக்கத்தில் சங்கிலி வளையம் பொறித்த 1793-இன் சங்கிலி சென்ட் 36,103 மட்டுமே அடிக்கப்பட்டது. விலை நம் கைக்கு எட்டாது. 1840-களிலும் 1850-களிலும் வந்த, பின்னிய கூந்தலோடு சுதந்திர தேவியின் தலை பொறித்த 'பின்னல் கூந்தல்' வகையில் தொடங்குங்கள். 1851-இல் மட்டும் 98 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். '1815' என்று யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஆண்டு பொறித்த சென்ட்டே கிடையாது.

2. அடுத்து மேற்பரப்பு. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாம். காசை விளிம்பில் பிடித்து, விளக்கொளியில் மெல்லச் சாயுங்கள். ஒரே சீரான பழுப்பு நிறம் நல்லது. எழுத்துகள் தேய்ந்திருந்தும் காசு மட்டும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தால் யாரோ தேய்த்துத் துலக்கியிருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் எழுத்துகளின் இடுக்குகளைப் பாருங்கள்: பச்சைக் களிம்பும் ஊசி குத்தியது போன்ற குழிகளும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அரிய ஆண்டு என்பதற்காகக் குழி விழுந்த காசை வாங்குவதைவிட, தேய்ந்தாலும் வழவழப்பான சாதாரணக் காசு எவ்வளவோ மேல்.

3. எடை போடுங்கள். 1796 முதல் சட்டப்படி 10.89 கிராம், தேய்மானத்தால் சற்றுக் குறையலாம். விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு தெரிந்தால், அது இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்த போலி.

4. புளி போட்டு விளக்கும் கை சும்மா இருக்காது, அடக்கிக்கொள்ளுங்கள். துலக்கிய செம்பின் பழைய நிறம் திரும்பாது. தூசு தட்ட மென்மையான தூரிகை போதும்.

5. பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம். நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். பருத்தி உள்ளுறையோடு காகித உறையில் போட்டு, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள். கடலோர ஊர்க்காரர்கள் அதை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

6. கை பழகியபின் அச்சு வேறுபாடுகள். தொடக்கக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கியதால், ஒரே ஆண்டுக் காசுகளிலும் ஆண்டு எண்ணும் பின்பக்க மாலையின் இலையும் இடம் மாறியிருக்கும். 1793–1814 காசுகளை இப்படி வகைப்படுத்தி நாணய ஆய்வாளர் வில்லியம் ஷெல்டன் 1949-இல் ஒவ்வொரு வகைக்கும் எண் கொடுத்தார். தரத்தை 70 வரை அளக்கும் முறையும் அவருடையதே. 1794-இன் ஒரு வகையில் பின்பக்க ஓரத்தில் பற்கள்போல் வரிசையாக இருக்கும் சிறு மேடுகளுக்கு இடையே 94 குட்டி நட்சத்திரங்கள் உண்டு. ஆகவே எந்த 1794 காசு கையில் கிடைத்தாலும், விலை கேட்கும் முன் திருப்பி ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.