சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறாதீர்கள்: டெல்டாவில் செடான் வைத்திருப்போர் செய்யும் தவறுகள்

மன்னார்குடியில் இருந்து தஞ்சாவூருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். காலையில் என் செடான் காரை (பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் வகை) அங்குள்ள சர்வீஸ் சென்டரில் விடுவேன். வண்டியை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் அட்வைசரிடம் "முன்னாடி லேசா ஒரு சத்தம் வருது, பார்த்துருங்க" என்று சொல்வேன். பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். சாயங்காலம் போன் வரும்: "சார், வண்டி ரெடி."

மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வந்த அந்தச் சத்தத்துக்காக மூன்று முறை போனேன், முதல் இரண்டு முறை இப்படித்தான். மூன்றாவது முறைதான் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் திருப்பும் பாகம்) போய்விட்டது என்றார்கள். அதற்குள் வாரண்டி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. "முன்னாடியே ரெண்டு தடவை சொன்னேனே" என்றதும் பழைய ஜாப் கார்டுகளை, அதாவது வண்டியை விடும்போது நாம் சொல்லும் குறைகளை எழுதும் தாள்களை, எடுத்துக் காட்டினார்கள். இரண்டிலும் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் இருந்தது. சத்தம் என்ற சொல்லே இல்லை. கீழே என் கையெழுத்து இருந்தது. முழுப் பணமும் நான்தான் கட்டினேன்.

இத்தனைக்கும் அது நல்ல வண்டி. 90,000 கிலோமீட்டர் தாண்டியும் இன்ஜினைத் திறந்ததில்லை. வண்டி எப்படி உழைக்கும் என்பதில் கம்பெனியின் பங்கு பெரிதுதான். ஆனால் ஷோரூம் பக்கத்தில் இல்லாத நம்மைப் போன்றவர்களுக்கு, ஜாப் கார்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதும் அதே அளவு பெரிது. வாரண்டி கேட்கும்போது நாம் வாயால் சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அதில் எழுதாத குறை, அவர்களைப் பொறுத்தவரை வராத குறை.

எனவே முதல் தவறு, குறையைப் பொதுவாகச் சொல்வது. "சத்தம் வருது" என்றால் போதாது. எந்த வேகத்தில், எந்தப் பக்கம், காலையில் குளிர்ந்த இன்ஜினிலா அல்லது அரை மணி நேரம் ஓடிய பிறகா, ஏ.சி. போட்டிருக்கும்போதா, பிரேக் மிதிக்கும்போதா என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னது சொன்னபடி ஜாப் கார்டில் ஏறியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு, ஏற்கெனவே இருக்கும் கீறல்கள் எல்லாம் அதில் வர வேண்டும். சத்தம் விட்டு விட்டு வருவதாக இருந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். முடிந்தால் அட்வைசரையோ மெக்கானிக்கையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும். நான் மூன்றாவது முறை செய்தது அதைத்தான். பத்து நிமிடத்தில் மெக்கானிக் சொல்லிவிட்டார்.

குறை தீராமலே அவர்கள் வண்டியைத் திருப்பிக் கொடுத்தால், 'சத்தம் தீரவில்லை' என்று பில்லிலேயே எழுதி நகல் வாங்குங்கள். அட்வைசர் முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

அடுத்தது பில். பெட்ரோல் செடான்களில் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளுக்கு 15,000 அல்லது ஓராண்டு என்று சர்வீஸ் கணக்கு உண்டு. எந்தச் சர்வீஸில் எதை மாற்ற வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டில் அட்டவணையாகவே இருக்கிறது. டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் அந்தப் புத்தகத்தை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், உள்ளே பாலிஷ் என்று எஸ்டிமேட்டில் வரிசையாக வருபவை அந்த அட்டவணையில் இல்லை என்றால், "இது எதுக்கு?" என்று கேளுங்கள். போனில் "சார், இதையும் பண்ணிடலாமா?" என்று கேட்டால் அவசரத்தில் சரி என்று சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் அனுப்பச் சொல்லி, பார்த்த பிறகு பதில் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வாரண்டியில் மாற்றியதைத் தர மாட்டார்கள். நீங்கள் பணம் கொடுத்து மாற்றியதைக் காட்டத்தான் வேண்டும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று அடித்துக்கொண்டே இருப்பதால், அடிப்பகுதித் துரு தடுப்புப் பூச்சுக்குச் செலவு செய்வது வீண் இல்லை.

வண்டி ஓடாமலே கெட்டுப்போவது இங்கே அதிகம். வீட்டுக்காரர் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார், வண்டி போர்டிகோவில் உறை போர்த்தி நிற்கும். வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். "அதான் ஓடவே இல்லையே" என்று சர்வீஸைத் தள்ளிப்போடுவார்கள். கிலோமீட்டர், காலம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தவணை தவறினால், பின்னால் வாரண்டி கேட்கும்போது அதையே காரணமாகக் காட்டுவார்கள். பிரேக் ஆயில் நிற்கும் வண்டியிலும் ஈரத்தை இழுக்கும். டயரும் ஓடாமலே கிழடாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. டயரின் பட்டன் தேயாமல் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாமல் அந்த எண்ணையும் பாருங்கள்.

நிற்கும் வண்டிக்கு எலி இன்னொரு எமன். சம்பா அறுப்பு முடிந்ததும் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவது, அவற்றுக்கு இடம் கொடுத்துக் கூப்பிடுவது போல. வயரிங்கைக் கடித்துவிட்டால் வாரண்டியில் வராது. வாரம் ஒரு முறையாவது பானட்டைத் திறந்து பாருங்கள்.

இப்போது சொல்லப் போவதைத் தயவுசெய்து வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் நம் சாலைகள்தான் களம். வைக்கோல், பிறகு உளுந்துச் செடி, பயற்றஞ்செடி என்று ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள். செடான் தாழ்வான வண்டி. ஹோண்டா சிட்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 165 மில்லிமீட்டர், ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் வர்ட்டஸ் வண்டிகளுக்கு 179. ஐந்து பேரும் கல்யாணச் சாமான்களும் ஏறினால் இன்னும் இறங்கும். செடி அச்சில் சுற்றிக்கொள்ளும், சூடான சைலன்சரிலும் அதன் முன்னால் உள்ள, புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் ஒட்டிப் புகையும். அப்படித் தீப்பிடித்து எரிந்த வண்டிகள் உண்டு. முடிந்தவரை ஓரமாக, சுத்தமான தார் தெரியும் இடத்தில் போங்கள். வேறு வழியில்லாமல் மேலே ஏற்றிப் போனால், தாண்டியதும் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, குனிந்து அடியில் பாருங்கள். கருகும் வாடை வந்தால் முதலில் எல்லோரையும் இறக்குங்கள்.

வெள்ளம் பற்றியும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டு வாசலில் தண்ணீர் நின்று வண்டி பாதி முழுகிவிட்டால், "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சாதாரண இன்சூரன்ஸில் கைவிரித்து விடுவார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் பேச இடம் இருக்கும். பாலிசி புதுப்பிக்கும்போது பிரீமியம் குறைய வேண்டும் என்று அதை நீக்கிவிடுபவர்கள், டெல்டாவில் இருந்துகொண்டு அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் சென்னைக்காரர் அனுபவத்தைக் கேட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். அவருக்கு ஒரு சர்வீஸ் சென்டர் பிடிக்காவிட்டால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். நமக்குத் தஞ்சாவூர், கும்பகோணம், அதை விட்டால் திருச்சி. அதே மாடலை 60,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய உள்ளூர்க்காரரைத் தேடிப் பிடித்து, "பம்பர் உடைஞ்சா ஸ்பேர் எத்தனை நாள்ல வந்துச்சு?" என்று கேளுங்கள். மைலேஜைவிட முக்கியமான கேள்வி அது. செவ்ரோலெட் 2017இல் இங்கே விற்பனையை நிறுத்தியது, ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஸ்பேருக்கு அலைவது என்றால் என்ன என்று அந்த வண்டிக்காரர்களுக்குத் தெரியும்.

பேசியும் எழுதியும் சர்வீஸ் சென்டர் அசையவில்லை என்றால் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து வருவதில் பலன் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், குறை எழுந்து 2 ஆண்டுக்குள். அங்கே போய் நிற்கும்போது முதலில் கேட்பது காகிதத்தைத்தான்.

எங்கள் வீட்டில் அந்த வண்டிக்கென்று ஒரு மஞ்சப்பை தொங்குகிறது. ஜாப் கார்டு, எஸ்டிமேட், பில், இன்சூரன்ஸ் எல்லாம் தேதி வரிசையில் அதில் இருக்கின்றன. சர்வீஸுக்குக் கிளம்பும்போது சாவியோடு அதையும் எடுத்துக்கொள்கிறேன். வேலை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.