ஜெர்மனியில் டாங்கிள் இணைப்பு அறுந்து அறுந்து போகிறதா? இரண்டாவது சிம் வாங்குமுன் இதைப் பாருங்கள்

ஜெர்மனியில் வீடு கிடைத்தாலும் இன்டர்நெட் லைன் உடனே வராது. டெக்னீசியன் வரும் தேதிக்கே வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். அதுவரை நம் ஆட்கள் பலர் செய்வது, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான இலவச மென்பொருள்) ஓடும் சின்ன ரவுட்டரில் ஒரு 4ஜி டாங்கிளை, அதாவது சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் குட்டி மோடத்தைச் செருகிக்கொள்வது. நல்ல ஏற்பாடுதான்.

சிம் வாங்கப் பாஸ்போர்ட்டோடு போங்கள். 2017 ஜூலையிலிருந்து ப்ரீபெய்டுக்கும் அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஊரில் நாம் சிம்முக்கு பின் நம்பர் போட்டுப் பழகியதில்லை. இங்கே பெரும்பாலும் பூட்டியேதான் தருவார்கள். முதலில் போனில் போட்டு அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, அப்புறம் டாங்கிளில் செருகுங்கள். மூன்று முறை தவறான பின் நம்பர் போட்டால் சிம் முடங்கி, பியூகே என்ற பூட்டுத் திறக்கும் எண்ணைக் கேட்கும். ஏபிஎன் (டாங்கிள் இன்டர்நெட்டில் சேர அமைப்பில் எழுத வேண்டிய பெயர்) இங்குள்ள சிம் கம்பெனி சொல்வதுதான். பழைய 3ஜி டாங்கிளைத் தூக்கி வராதீர்கள், இங்கே 2021-லேயே 3ஜியை நிறுத்திவிட்டார்கள். 4ஜி டாங்கிள் என்றாலும் பேண்டு 20 என்ற அலைவரிசை (800 மெகாஹெர்ட்ஸ்) இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் அது புழக்கத்தில் இல்லை. இங்கே கிராமப்பக்கம் அதை நம்பித்தான் இருக்க வேண்டும்.

சில டாங்கிள்கள் செருகியதும் தம்மை சிடி டிரைவ் என்றே காட்டிக்கொள்ளும். ரவுட்டரில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜைப் போட்டால் மோடமாக மாறும். ஹுவாவே ஈ3372எச் டாங்கிள் என்றால் அதன் யூஎஸ்பி அடையாள எண் 1எஃப்01-லிருந்து 14டிசி ஆக வேண்டும். அதன் பிறகு அது 192.168.8.1 என்ற முகவரியில் தானே ஒரு குட்டி ரவுட்டர். உங்கள் ரவுட்டரில் டிஹெச்சிபி கிளையன்ட் (முகவரியைத் தானே கேட்டு வாங்கும் அமைப்பு) வைத்தால் போதும்.

இனி என் நண்பருக்குப் பணம் போன கதை. சாதாரணமாகப் பக்கங்கள் திறக்கும், பாட்டு கேட்கும். ஊரிலிருக்கும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் சில நிமிடத்தில் அறுந்துவிடும். கடையில் போய்க் கேட்டார். ரவுட்டரைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல், "உங்கள் பகுதியில் சிக்னல் போதாது" என்று சொல்லி வேறு நெட்வொர்க்கில் 24 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். புது சிம்மிலும் அதே கதை. ஆன்லைனில் போட்ட ஒப்பந்தம் என்றால் 14 நாளுக்குள் திரும்பப் பெறலாம். கடையில் நேரில் போட்டதற்கு அந்தச் சட்ட உரிமை கிடையாது. மொழி தெரியாமல் வந்து நிற்பவரிடம் இப்படி நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

காரணம் மின்சாரம். டவர் தூரமாக இருந்தால், எட்ட நிற்பவரைக் கத்திக் கூப்பிடுவது மாதிரி டாங்கிளும் பலமாக அனுப்பும். வீடியோ கால் என்றால் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும், அப்போது கரண்டை அதிகம் இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர்தான். நண்பரோ ரவுட்டரையே ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய போன் சார்ஜரில் ஓட்டிக்கொண்டிருந்தார். வோல்டேஜ் இறங்கியதும் டாங்கிள் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ரவுட்டரின் பதிவேட்டைக் காட்டும் லாக்ரீட் கட்டளை போதும், லூசி என்ற ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கெர்னல் லாக் என்ற பதிவேடும் இருக்கிறது. அறுந்த நேரத்தில் 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி, சில நொடியில் 'நியூ ஹை-ஸ்பீடு யூஎஸ்பி டிவைஸ்' என்று இன்னொரு வரி இருந்தால், முதலில் மின்சாரத்தையும் ஒயரையும் சந்தேகியுங்கள். சிக்னல் மட்டும் குறைவு என்றால் டாங்கிள் போர்ட்டிலேயே இருக்கும், இணைப்புதான் போகும்.

ரவுட்டருக்கு அதற்கென்று கொடுத்த அடாப்டரையே போடுங்கள். நீள எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டாம். அதற்கும் அடங்கவில்லை என்றால், தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப் வாங்கி டாங்கிளை அதில் செருகுங்கள். பெட்டியில் 'மிட் நெட்ஸ்டைல்' (mit Netzteil, அடாப்டரோடு) என்று போட்டிருக்கும். நண்பர் வீட்டில் ஹப் வைத்த பிறகு கால் அறுவதில்லை.

வேண்டாத ஒப்பந்தம் ஏற்கெனவே தலையில் இருந்தால் ரத்துக் கடிதத்தை இப்போதே அனுப்பி, கிடைத்ததற்கு எழுத்தில் பதில் வாங்கிவையுங்கள். மறந்து 24 மாதம் தாண்டினாலும் 2021 டிசம்பர் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பில் வெளியே வரலாம்.