புதிய சிறுகோளின் பாதையைப் பின்தொடர்வது எப்படி?

புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் இன்றிரவு வானில் எங்கே இருக்கும் என்பதைக் கணிக்கத் தொலைநோக்கி தேவையில்லை. இணைய இணைப்பும் சற்றுப் பொறுமையும் போதும். 2032இல் பூமியின் மீது மோதக்கூடும் என்று சில வாரங்கள் செய்திகளில் அடிபட்ட 2024 ஒய்ஆர்4 (2024 YR4) என்ற சிறுகோளைக் கொண்டு இதைப் பழகலாம்.

படி 1: பெயரைப் படியுங்கள்

முதலில் இருப்பது கண்டறிந்த ஆண்டு. அடுத்த ஆங்கில எழுத்து அரைமாதத்தைக் குறிக்கும்; ஒய் என்றால் டிசம்பரின் பிற்பாதி. சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி இதைக் கண்டறிந்த நாள் 2024 டிசம்பர் 27. கடைசி எழுத்தும் எண்ணும் வரிசையைக் காட்டும். ஐ என்ற எழுத்தை விட்டுவிட்டால் ஆர் பதினேழாவது எழுத்து. கடைசி எண் 4 என்பதால், ஒரு சுற்றுக்கு 25 எழுத்துகள் என நான்கு சுற்றுகள் முடிந்துவிட்டன; ஆகவே அந்த அரைமாதத்தின் 117ஆவது பதிவு இது.

படி 2: பாதையின் அளவுகளை எடுங்கள்

உலகெங்கும் உள்ள நோக்கர்களின் அளவீடுகளை அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மைனர் பிளானட் சென்டர் திரட்டுகிறது. அவற்றைக் கொண்டு கணித்த பாதைகளை நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் தன் சிறுபொருள் தரவுத்தளத்தில் தருகிறது. அங்கே பெயரை இட்டுத் தேடினால், நீள்வட்டப் பாதையின் அரைநெட்டச்சு, அதாவது அதன் நீளத்தில் பாதி, சுமார் 2.52 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு ஓர் அலகு) என்று காணலாம். அந்த எண்ணை மும்முறை பெருக்கி (2.52 × 2.52 × 2.52) வர்க்கமூலம் கண்டால் ஏறக்குறைய 4 வரும். கெப்ளர் விதிப்படி, சிறுகோள் சூரியனை ஒருமுறை சுற்ற ஆகும் ஆண்டுகள் இவையே.

இவ்வெண்களைக் காட்டிலும் முக்கியமானவை வேறு இரண்டு: அளவீடுகள் எத்தனை நாள்களை உள்ளடக்கியவை என்பதும், 0 முதல் 9 வரையிலான நிச்சயமின்மைக் குறியீடும். 9 என்றிருந்தால் பாதை இன்னும் ஊகமே.

படி 3: இருப்பிடத்தைக் கணியுங்கள்

ஜேபிஎல்லின் ஹொரைசன்ஸ் சேவையில் பொருளின் பெயர், உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, வேண்டிய நாள்கள் ஆகியவற்றை இடுங்கள். ஊரைத் தராமல் விட்டால் பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதாகவே விடை வரும். தொலைவிலுள்ள பொருளுக்கு இது பெரிதல்ல. ஆனால் ஒய்ஆர்4 கண்டறியப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பூமியைச் சுமார் 8,30,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்தபோது, இவ்வேறுபாடு மட்டுமே கிட்டத்தட்ட அரைப் பாகை வரை, அதாவது முழுநிலவின் அகலத்தை நெருங்கும் அளவு, இருந்திருக்கும். அட்டவணையின் நேரம் உலகப் பொது நேரம் என்பதால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். வானில் இடத்தைக் குறிக்கும் வல ஏற்றம், நடுவரை விலக்கம் என்ற இரு எண்கள், ஒளிப்பொலிவு ஆகியவற்றோடு, இருப்பிடத்தின் பிழை எல்லையையும் மறவாமல் கேளுங்கள்.

படி 4: திரும்பக் கணியுங்கள்

புதிய அளவீடு சேருந்தோறும் பாதை திருத்தப்படும். ஆகவே பழைய எண்களை வான்பட மென்பொருளில் சேமித்து வைத்துப் பல மாதங்கள் பயன்படுத்துவது வீண். 2032 டிசம்பர் 22க்கான மோதல் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடாக உயர்ந்து, பின் சில நாள்களிலேயே கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனதும் இத்திருத்தத்தால்தான். சிறுகோள் கடக்கக்கூடிய பகுதி சுருங்கியபோது பூமி இன்னும் அதற்குள்ளேயே இருந்ததால், அப்பகுதியில் பூமியின் பங்கு கூடியது. மேலும் சுருங்கியதும் பூமி அதற்கு வெளியே வந்துவிட்டது. இதை அறியாதவர்கள் விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார்கள்.

வால்மீன்களுக்கும் இதே படிகள்தான். ஆனால் அவற்றிலிருந்து பீறிடும் வாயு பாதையைச் சற்றே தள்ளும். ஒளிப்பொலிவுக் கணிப்போ பெரிதும் நம்பத்தக்கதன்று. சி/2023 ஏ3 என்ற வால்மீன் சூரியனை நெருங்குமுன் சிதைந்துவிடும் என்று 2024 ஜூலையில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதுவோ செப்டம்பர் 27 அன்று சூரியனை அண்மித்துக் கடந்து, அக்டோபரில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. எனவே வால்மீனின் இடத்தை ஹொரைசன்ஸிடமும், பொலிவை அந்த வாரத்தில் அதை நேரில் பார்த்தவர்களின் பதிவுகளிடமும் கேளுங்கள்.