வெள்ளியங்கிரி ஏற என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

கோவை அருகே ஏழு மலை ஏறி உச்சியில் சிவனைத் தரிசிக்கும் இடம் வெள்ளியங்கிரி. அங்கே போகப் பை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை மட்டுமே மனதில் வைத்துக் கட்டுகிறார்கள். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழாவது மலைவரை ஒரு வழிக்குச் சுமார் 6 கிலோமீட்டர்தான். ஆனால் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் ஏறுகிறது. ஏறும்போது வேர்வை ஆறாக ஓடும். உச்சியில் வரிசையில் நிற்கும்போது பல் கிட்டித்துப் போகும். இறங்கும்போது கோடை வெயில் மண்டையைப் பிளக்கும். மூன்று பருவத்துக்கும் ஒரே பைதான், அதுவும் 5 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

20 முதல் 25 லிட்டர் பை போதும். இடுப்புப் பட்டை உள்ளதாகப் பாருங்கள். ஒற்றைத் தோளில் மாட்டும் பை வேண்டாம். கையில் தடி இருக்கும், பை ஒரு பக்கம் இழுத்தால் படியில் நிலை தடுமாறும்.

முதலில் தண்ணீர். ஆளுக்கு ஒன்றரை முதல் 2 லிட்டர் அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே சுனைகள் உண்டுதான், ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் நீர்வரத்து குறையும், கூட்டமும் சேரும். சுனை நீரைக் குடிப்பதானால் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் வைத்திருந்து குடிப்பது நல்லது. ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில் இரண்டு இருந்தால் வசதி. சூடு தாங்கும் ஃபிளாஸ்க் அழகாக இருக்கும், ஆனால் வெறும் பாட்டிலே அரைக் கிலோ வரை எடை காட்டும். தாகம் எடுத்த பிறகு மடமடவெனக் குடிப்பதைவிட, 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாலு வாய் குடிப்பதே உடம்பில் நிற்கும்.

வெறும் தண்ணீர் மட்டும் போதாது. வேர்வையோடு உப்பும் போவதாலும் தசை களைத்துப்போவதாலும் மூன்றாவது, நான்காவது மலையில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஓ.ஆர்.எஸ். பொடி எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் 1 லிட்டருக்கானதா, 200 மில்லிக்கானதா என்று வாங்கும்போதே படித்துவிடுங்கள். பெரிய பாக்கெட்டைச் சின்ன பாட்டிலில் கரைத்தால் உப்பு கூடி வாந்தி வரும். கடையில் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக் கூடாது.

இங்கே பலர் கோட்டை விடுவது பிளாஸ்டிக்கில். அடிவாரத்தில் வனத்துறை பையைச் சோதிக்கிறது. பிஸ்கட் உறை, சிப்ஸ் பாக்கெட், கேரி பேக் எல்லாம் அங்கே வெளியே வரும், வரிசை தேங்கும். அதனால் வீட்டிலேயே எல்லாவற்றையும் பிரித்து மாற்றிவிடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொடி, குளுக்கோஸ், மாத்திரைகள் சின்ன எவர்சில்வர் டப்பாக்களில். எது எது என்று காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள், இருட்டில் எல்லாப் பொடியும் ஒன்றுதான். தின்பண்டம் துணிப்பையில். குப்பைக்கும் ஒரு காலித் துணிப்பை தனியாக. யானைகள் நடமாடும் காடு இது. அங்கே வீசியெறியும் ஒவ்வொரு உறையும் உப்பு வாசத்தோடு ஒரு விலங்கின் வயிற்றுக்குத்தான் போகிறது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நாலு இட்லியோடு முடித்துக்கொள்ளுங்கள். வழிக்குக் கடலைமிட்டாய் நாலைந்து, பேரீச்சை பத்து, பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி, இறங்கும்போது சாப்பிடக் கொஞ்சம் புளியோதரை. தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். வாழைப்பழம் பைக்குள் நசுங்கும். சீசனில் வழியில் சுக்குக் காபிக் கடைகள் இருக்கும், ஆனால் அவற்றை நம்பி வெறும் கையோடு ஏறாதீர்கள்.

இனி துணி. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரிபோல வெப்பம் குறையும். அந்தக் குளிரை எல்லோரும் தாங்குவார்கள். ஆளை முடக்குவது காற்றும் ஈரமும் சேர்வதுதான். பருத்தி பனியன் வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஐந்தாவது மலையில் காற்று அடிக்கும்போது அது ஈரத்துணி போர்த்தினதுபோல் ஆகிவிடும். ஏறும்போது சீக்கிரம் காயும் விளையாட்டு டி-ஷர்ட் போடுங்கள். உலர்ந்த பனியன் ஒன்று, ஸ்வெட்டர் ஒன்று, காற்றுப் புகாத ஜர்கின் ஒன்று, மங்கி குல்லா ஒன்று பையின் மேல்பக்கம் இருக்கட்டும். நடுங்க ஆரம்பிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். நடை நின்ற ஐந்து நிமிடத்துக்குள் மாற்ற வேண்டும். மேலே வழியிலுள்ள ஆண்டிச்சுனையில் குளிக்கப் போகிறவர்கள் துண்டும் ஒரு மாற்று வேட்டியும் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மழை பிடித்தால் குடை காற்றில் நிற்காது, ரெயின்கோட்தான்.

பலர் இரவில் ஏறி விடியலில் உச்சி சேர்கிறார்கள். அதற்கு நெற்றியில் கட்டும் ஹெட்லைட் வேண்டும். செல்போன் வெளிச்சம் ஒரு கையை முடக்கும், இன்னொரு கையில் தடி, தடுக்கினால் பிடிக்கக் கை இருக்காது. தவிர, ஆபத்தில் பேச வேண்டிய போன் பாதி மலையிலேயே செத்துப்போகும். மாற்று பேட்டரி, சின்ன பவர் பேங்க், கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் மும்மூன்றாக ஊதுங்கள். கத்தினால் தொண்டைதான் போகும்.

வெறுங்காலோடு ஏறுவது பலருக்கு வேண்டுதல். அப்படியானாலும் வாரோடு கூடிய லேசான செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். பகலில் இறங்கும்போது பாறை கொதிக்கும். ஷூ போடுகிறவர்கள் புதிதாக வாங்கியதையோ, பல வருஷம் பெட்டியில் கிடந்ததையோ போடாதீர்கள். புதிது குதிகாலில் கொப்புளம் போடும். பழையதில் பசையும் நுரையும் உதிர்ந்து அடிப்பாகம் பாதி வழியில் கழன்றுவிடும்.

மூங்கில் தடி அடிவாரத்திலேயே கிடைக்கும். தோள் உயரம் இருக்கட்டும். வாங்கும் முன் முழு எடையையும் அதன்மேல் சாய்த்துப் பாருங்கள், நுனியில் பிளவு இருந்தால் வேறு எடுங்கள். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதன் அருமை தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் நீ-கேப்பை இறங்கும் முன்னால் மாட்டுங்கள். வலி வந்த பிறகு மாட்டுவது தாமதம்.

மருந்தில் க்ரீப் பேண்டேஜ் ஒன்று, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப், கிருமிநாசினிக் களிம்பு, தினமும் சாப்பிடும் மாத்திரை ஒரு நாளுக்குக் கூடுதலாக. இன்ஹேலர் பயன்படுத்துகிறவர்கள் அதைப் பைக்குள் புதைக்காமல் சட்டைப் பையிலேயே வையுங்கள். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம் என்பது கெஞ்சிக் கேட்கும் விஷயம். நெஞ்சுவலியாலும் மூச்சுத்திணறலாலும் இந்த மலையில் உயிர்கள் போயிருக்கின்றன. மேலே மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வராது, டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும்.

அடுக்கும்போது தண்ணீரும் கனமானவையும் முதுகையொட்டி, நடுவில். மாற்றுத்துணி, ரெயின்கோட் எல்லாவற்றுக்கும் மேலே. விளக்கும் மருந்தும் வெளிப்பையில். கிளம்புவதற்கு முதல் நாள் பையை முழுசாக மாட்டிக்கொண்டு பத்து முறை மாடிப்படி ஏறி இறங்குங்கள். எது உறுத்துகிறது, எது கடகடக்கிறது, எது வேண்டாத சுமை என்று அதிலேயே தெரிந்துவிடும்.