வா பெடலுக்கு இரண்டு சுவிட்ச் போதும்

கிடார் சத்தத்தைக் காலால் மிதித்து 'வா-வா' என்று வாய் திறந்து மூடுவதுபோல மாற்றும் பெட்டிதான் வா பெடல். அதில் டன்லப் க்ரை பேபி ஜிசிபி-95 மாடலை வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் சொல்லும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குதிகால் பக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, முன்பக்கம் முழுசாக அழுத்தினால் காதைக் குத்துகிறது. இல்லையென்றால், டிஸ்டார்ஷன் (கரகரப்பு விளைவு) போட்டதும் வா எங்கே போனதென்றே தெரியவில்லை. இதற்காக வேறு பெடல் வாங்க வேண்டியதில்லை. இரண்டு டாகிள் சுவிட்ச், ஏழெட்டு சின்னப் பாகங்கள், சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை. வாரண்டி போய்விடும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1966-ல் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் உருவாக்கிய அந்த இரண்டு டிரான்சிஸ்டர் சர்க்யூட்தான் இன்றைக்கும் இந்த வகைப் பெடல்களின் அடிப்படை. கணக்கும் எளிமையானது. உள்ளே சுமார் 500 மில்லிஹென்றி இன்டக்டர் (கம்பிச்சுருள்) ஒன்று, அதோடு சேர்ந்து வேலை செய்யும் 10 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. இந்த ஜோடியின் ஒத்ததிர்வு, அதாவது சத்தம் தூக்கலாக எழும் உச்சம், சுமார் 2,250 ஹெர்ட்ஸில் வருகிறது. பெடலை நகர்த்தும்போது 100 கே பாட் (திருப்பினால் மதிப்பு மாறும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்) திரும்புகிறது, இரண்டாவது டிரான்சிஸ்டர் அந்தக் கெபாசிட்டரைச் சர்க்யூட்டுக்குப் பெரிதாகக் காட்டுகிறது, அதனால் குதிகால் பக்கம் போகப் போக உச்சம் 400 ஹெர்ட்ஸ் வட்டாரம் வரை இறங்குகிறது. ஆக அந்த ஒரு கெபாசிட்டரின் மதிப்பை மாற்றினால் மொத்த ஸ்வீப்பும் (பெடல் நகரும்போது உச்சம் ஓடும் எல்லை) மேலேயோ கீழேயோ நகரும். நாம் செய்யப்போகும் வேலையில் பாதி இதுதான்.

ஆனால் அயர்னைச் சூடாக்குவதற்கு முன் செலவில்லாத ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அடித்தட்டின் நாலு ரப்பர் காலையும் கழற்றினால் உள்ளே பாட்டும் அதைத் திருப்பும் பற்சக்கரமும் தெரியும். பாட்டின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பல்லிலிருந்து விலக்கி, ஒன்றிரண்டு பல் தள்ளி மறுபடி பொருத்தினால் ஸ்வீப் தொடங்கி முடியும் இடம் மாறும். முன்பக்கக் குத்தல் மட்டும்தான் பிரச்சினை என்றால் சிலருக்கு இதுவே போதும், மூடி வைத்துவிட்டு வாசிக்கப் போகலாம்.

போதவில்லையா, சரி, பாகங்களுக்கு வருவோம். ரெசிஸ்டர், கெபாசிட்டர், மினி டாகிள் எல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். கெபாசிட்டர் மட்டும் பாலியஸ்டர் ஃபிலிம் வகையாகக் கேட்டு வாங்குங்கள். செராமிக் டிஸ்க் சிலவற்றைத் தட்டினாலே சத்தம் கேட்கும், காலால் மிதிக்கிற பெட்டிக்குள் அது எதற்கு? அப்புறம், உங்கள் போர்டில் கால் வைத்த பாகங்களுக்குப் பதில் போர்டின் மேலேயே ஒட்டிய பொடிப்பொடி எஸ்எம்டி பாகங்கள் இருந்தால், அந்த வேலை கைக்குப் பழகாதவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது.

பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு ஸ்வீப் கெபாசிட்டரை, அதாவது மேலே சொன்ன 10 நானோஃபாரட் கெபாசிட்டரை, தேடுங்கள். போர்டில் 103 என்று குறித்த 10 நானோ கெபாசிட்டர் ஒன்றுக்கு மேல் இருக்கும், இன்புட் பக்கத்திலும் ஒன்று உண்டு. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, இன்டக்டரின் ஒரு காலில் ஒரு முனையையும் கெபாசிட்டர் காலில் இன்னொரு முனையையும் வையுங்கள். கிட்டத்தட்ட சுழியம் காட்டினால் அதுதான் நமக்கு வேண்டியது. இன்புட் கெபாசிட்டருக்கும் இன்டக்டருக்கும் நடுவில் 1.5 கே ரெசிஸ்டர் இருப்பதால் அதில் சுழியம் காட்டாது. உச்சம் எவ்வளவு கூர்மை (க்யூ) என்பதைத் தீர்மானிக்கும் க்யூ ரெசிஸ்டரைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு என்று மூன்று பட்டை, 33 கே, இரண்டு காலும் இன்டக்டரின் இரண்டு காலோடு போய்ச் சேரும். போர்டில் இருக்கும்போதே அதை அளந்தால் சில பத்து ஓம்தான் காட்டும். ரெசிஸ்டர் போய்விட்டதென்று பதற வேண்டாம், பக்கத்திலேயே தொங்கும் இன்டக்டரின் கம்பிச்சுற்றைத்தான் மீட்டர் படிக்கிறது.

இனி முக்கியமான விஷயம். சுவிட்ச் போடுகிறவர்கள் பலர் பழைய பாகத்தைக் கழற்றி, சுவிட்சில் இரண்டு பாகத்தை மாட்டி, இதற்கு அது என்று மாற்றிக்கொள்வார்கள். வேலை செய்யும்தான், ஆனால் சுவிட்ச் நகரும் அந்தக் கணத்தில் சர்க்யூட் அறுந்து ஆம்ப்பில் டொப்பென்று விழும். அதைவிட, இருக்கிறதை அப்படியே விட்டுவிட்டு இன்னொன்றைப் பக்கத்தில் இணையாகச் சேர்ப்பது எவ்வளவோ மேல். இணையாக வைத்தால் கெபாசிட்டர் மதிப்புகள் கூடும், ரெசிஸ்டர் மதிப்பு குறையும், அதற்கேற்ப மதிப்புகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு பாகத்தைக்கூடப் பிடுங்காமல் முதல் சுவிட்சைப் போட்டுவிடலாம்.

முதல் சுவிட்ச் ஆன்-ஆஃப்-ஆன் வகை, நடுவிலும் நிற்கும் மூன்று கால் டாகிள். ஸ்வீப் கெபாசிட்டரின் ஒரு காலிலிருந்து வயர் ஒன்றைச் சுவிட்சின் நடுக்காலுக்குக் கொண்டுவாருங்கள். சுவிட்சின் மேல்காலில் 4.7 நானோ, கீழ்க்காலில் 12 நானோ, இரண்டின் மறுமுனையையும் சேர்த்து ஸ்வீப் கெபாசிட்டரின் அடுத்த காலுக்கு ஒரு வயர். நடுவில் வைத்தால் பழைய 10 நானோ, ஒரு பக்கம் 14.7, இன்னொரு பக்கம் 22. கணக்குப்படி முன்பக்க உச்சம் 2,250-லிருந்து சுமார் 1,850-க்கும் 1,500-க்கும் இறங்குகிறது. 14.7 தான் நான் அதிகம் வைத்திருக்கும் நிலை, குத்தல் போய்விடுகிறது, வா என்கிற வாய்ச்சத்தம் மட்டும் நிற்கிறது. 22-ல் குதிகால் பக்கம் 300 ஹெர்ட்ஸ் பக்கமாகப் போய்விடுவதால் சாதாரண கிடாருக்குக் கொஞ்சம் மந்தம், பேஸ் வாசிப்பவர்களுக்கும் தாழ்வாக டியூன் செய்பவர்களுக்கும் பிடிக்கும். இப்போது இருப்பதைவிடக் கூர்மையாக வேண்டும் என்கிற அபூர்வப் பிறவியாக இருந்தால் மட்டும் பழையதைக் கழற்றி 6.8 நானோ போட்டு, சுவிட்சில் 3.3-ம் 15-ம் வையுங்கள்.

இதில் ஒரு சின்ன வேலையை விட்டுவிடாதீர்கள். சுவிட்சின் நடுக்காலுக்கும் மேல்காலுக்கும் இடையே ஒரு 2.2 மெகா ஓம், நடுக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் இடையே இன்னொன்று. சேராமல் தொங்கும் கெபாசிட்டர் அந்த ரெசிஸ்டர் வழியாகச் சர்க்யூட்டின் வோல்டேஜிலேயே நிரம்பி நிற்கும், அதனால் சேர்க்கும்போது சத்தம் வராது. 2.2 மெகா இவ்வளவு பெரியது என்பதால் டோனில் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது சுவிட்ச் க்யூவுக்கு. இங்கே மட்டும் ஒரு பாகத்தைக் கழற்ற வேண்டும். 33 கே-வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 100 கே நிரந்தரமாக வையுங்கள். சுவிட்ச் வழியாக அதற்கு இணையாக ஒரு 47 கே. சுவிட்ச் மூடியிருந்தால் இரண்டும் சேர்ந்து 32 கே, அதாவது பழைய பெடல். திறந்தால் 100 கே, உச்சம் ஒடுங்கி உயர்ந்து, டிஸ்டார்ஷனுக்கு நடுவிலும் வா தனியாக எழுந்து நிற்கும். சுத்தமான டோனில் ஃபங்க் வாசிக்கும்போது பழைய நிலைதான் இதமாக இருக்கிறது. 100 ரொம்பக் கூச்சலாகப் பட்டால் 68 கே நிரந்தரமாகவும் சுவிட்சில் 68 கே-வும் வைத்தால் 34 வரும், வித்தியாசமும் அளவோடு இருக்கும்.

மற்ற மாற்றங்களுக்குச் சுவிட்ச் தேவையில்லை என்பது என் கருத்து. 1.5 கே-வை 2.2 அல்லது 2.7 ஆக்கினால் மிட் (நடு அலைவரிசை) கொஞ்சம் முன்னால் வரும். முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் 390 ஓமோடு 820 ஓம் இணைத்தால் சுமார் 264 ஆகி, சத்தமும் அடியும் கூடும். ஆனால் அது டிரான்சிஸ்டரின் டிசி நிலையையே (நிலையான வோல்டேஜையே) மாற்றுவதால் சுவிட்சில் வைத்தால் கண்டிப்பாக டொப் வரும். பிடித்த மதிப்பைக் கேட்டுப் பார்த்து நேராக ஈயம் வைத்துவிடுங்கள். கேட்டுப் பார்க்க முதலை கிளிப் வயர் போதும், எந்த மதிப்பையும் காதில் கேட்காமல் சால்டர் செய்யாதீர்கள், நான் சொன்ன 14.7 உட்பட.

துளை போடுவதற்கு முன் போர்டை முழுசாக வெளியே எடுத்துவிட வேண்டும், அலுமினியத் துகள் ஒன்று போர்டில் உட்கார்ந்தாலே போதும் தொல்லைக்கு. இடத்தைக் குறிக்கும்போது பெடலை மேலும் கீழும் ஆட்டி, பல்பட்டை எங்கே வந்து போகிறது, பேட்டரி எங்கே உட்காருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மினி டாகிளுக்குப் பொதுவாக 6 மில்லிமீட்டரை ஒட்டிய துளைதான், இருந்தாலும் கையில் இருக்கும் சுவிட்சின் கழுத்தை அளந்துவிட்டே டிரில்லை எடுங்கள். முதலில் சின்ன பிட், பிறகு பெரியது. வயர்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி முறுக்கி விடுங்கள், நீளமாகத் தொங்கவிட்டால் ஹம் வரும், அவுட்புட் வயருக்குப் பக்கத்தில் போனால் விசிலும் அடிக்கலாம். மூடும் முன் சுவிட்ச் கால்களுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இன்சுலேஷன் டேப்.

விதவிதமான இன்டக்டர்களைச் சுவிட்சில் மாற்றிக் கேட்கவும் சிலர் ஆசைப்படுவார்கள். சிவப்பு ஃபேசல், மஞ்சள் ஃபேசல், ஹேலோ என்று பெயர்கள் நிறைய. செய்வதில் தடையில்லை, இன்டக்டரின் ஒரு காலைப் பொதுவாக வைத்து மறுகாலை ஆன்-ஆன் டாகிளில் மாற்றினால் போதும், க்யூ ரெசிஸ்டர் இன்டக்டருக்கு இணையாக இருப்பதால் மாறும் நேரத்திலும் முதல் டிரான்சிஸ்டருக்கு பயாஸ் (அது வேலை செய்யத் தேவையான அடிப்படை வோல்டேஜ்) அறுந்துபோகாது. வித்தியாசமும் கேட்கும், ஆனால் சில ரூபாய்க் கெபாசிட்டர் காட்டுகிற அளவுக்கு இல்லை. ஆகவே அந்தச் செலவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் இரண்டு சுவிட்சோடு ஒரு மாதம் வாசித்த பிறகும் ஏதோ குறைகிறதென்று பட்டால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.