ரூன்ஸ்கேப் புதுசா? முதலில் பேங்க், அப்புறம்தான் சண்டை

முழுப்பரீட்சை லீவில் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' என்ற ஆன்லைன் விளையாட்டை ஆரம்பிக்கும் நம்ம நெல்லைப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்தில் வரும் லம்பிரிட்ஜ் என்ற ஊரின் கோட்டை மேல்மாடியில் பேங்க் இருக்கிறது. காசு, நல்ல வாள் எல்லாவற்றையும் அங்கே போட்டு, 4 இலக்க ரகசிய எண்ணும் (PIN) வைத்துவிடுங்கள்.

வடக்கே வைல்டர்னஸ் பகுதியில் மற்ற ஆட்டக்காரர்கள் உங்களைக் கொல்லலாம். செத்தால் பொதுவாக விலை கூடின 3 பொருள்தான் மிஞ்சும். "வாலே, நல்ல இடம் காட்டுதேன்" என்று நம்ம பாளையங்கோட்டைப் பேச்சிலேயே கூப்பிட்டாலும் போகாதீர்கள். காசை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவரிடம் ஒரு நாணயம்கூடக் கொடுக்க வேண்டாம். டவுன் ரத வீதியில் முன்பின் தெரியாதவரிடம் பர்ஸை நீட்டுவோமா?

சரி, ஆரம்பத்தில் என்ன செய்வது? லம்பிரிட்ஜுக்குத் தெற்கே சதுப்பில் வலை போட்டு இறால் பிடித்துச் சுட்டு வையுங்கள். அடிபட்டால் அதைத் தின்று உயிரைச் சட்டென்று ஏற்றிக்கொள்ளலாம்.